ட்ரொம்சோவும் யாழ்ப்பாணமும்: நேரம், வெளிச்சம், அன்றாடம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது நோர்வேயின் வட கோடியில், ட்ரொம்சோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அம்மா ஊரிலேயே, நல்லூர்ப் பக்கம் இருக்கிறார். வடக்கே வேலை கிடைத்து வரும் பிள்ளைகளும் ஊரில் இருக்கும் சொந்தக்காரரும் ஒரே கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

இரண்டு ஊருக்கும் எத்தனை மணி நேரம் வித்தியாசம்?

குளிர்காலத்தில் நாலரை மணி, கோடையில் மூன்றரை மணி. எப்போதும் யாழ்ப்பாணம்தான் முன்னால். ஒக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை இங்கே மத்தியானம் 12 என்றால் அங்கே பின்னேரம் 4:30. மற்ற ஏழு மாதமும் இங்கே 12 என்றால் அங்கே 3:30.

ஊரில் மணிக்கூட்டை யாரும் தொடுவதில்லை. மாறுவது நாங்கள்தான். மார்ச்சில் அதிகாலை 2 மணியை 3 ஆக்குவோம், ஒக்டோபரில் 3 மணியை 2 ஆக்குவோம். அம்மாவிடம் இதை முதலில் சொன்னபோது, "அப்ப அந்த ஒரு மணித்தியாலம் எங்கை போகுது பிள்ளை?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஒக்டோபரில் திரும்பி வருகிறது என்றேன்.

அந்த அரை மணி எங்கிருந்து வந்தது?

இலங்கையின் நேரம் கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முன்னால். 1906இல் அப்படி வைத்தார்கள். நோர்வே 1895ஆம் ஆண்டின் முதல் நாளில் மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு வந்தது, அது கிரீனிச்சுக்கு ஒரு மணி முன்னால். ஐந்தரையில் ஒன்று போனால் நாலரை. 1980இலிருந்து நோர்வே வருடம் தவறாமல் கோடைநேரம் வைப்பதால் அந்த மாதங்களில் அது மூன்றரையாகிறது.

சூரியனைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்லும். யாழ்ப்பாணம் கிழக்கு நெடுங்கோடு 80 பாகையில் இருக்கிறது, ட்ரொம்சோ ஏறக்குறைய 19இல். இடையில் 61 பாகை. பூமி ஒரு பாகை சுழல நாலு நிமிடம் எடுக்கும். அப்படிப் பார்த்தால் உண்மையான வித்தியாசம் நாலு மணி நாலு நிமிடம். நாலரைக்கும் மூன்றரைக்கும் அநேகமாக நட்டநடுவில்! இரண்டு அரசாங்கங்கள் வேறு வேறு காலத்தில் எடுத்த முடிவுகள், சூரியனை நடுவில் விட்டு இந்தப் பக்கம் அரை மணி, அந்தப் பக்கம் அரை மணி என்று விலகி நிற்கின்றன. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குப் பெரிய சந்தோஷம்.

வடக்குத் தெற்காகப் பார்த்தாலும் ஓர் அழகு உண்டு. யாழ்ப்பாணம் வட அகலாங்கு 9 பாகை 40 கலை (அறுபது கலை ஒரு பாகை), ட்ரொம்சோ 69 பாகை 39 கலை. அறுபது பாகை இடைவெளி, ஒரு கலைதான் குறை. நேராகப் பறந்தால் 7,900 கிலோமீட்டர் அளவில் வரும். ஆட்தொகையில் இரண்டும் பெரிய ஊர்களல்ல. யாழ்ப்பாண மாநகரத்தில் 2012 கணக்கெடுப்பின்படி 88,000 பேர். ட்ரொம்சோவில் 75,000 பேருக்கு மேல்.

இலங்கையிலும் ஒருகாலத்தில் நேரத்தை மாற்றினார்களே?

மாற்றினார்கள். அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு அது மறக்காது. மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1996 மே மாதம் நேரத்தை ஒரு மணி முன்னுக்குத் தள்ளினார்கள். அதே வருடம் ஒக்டோபரில் அரை மணி பின்னுக்கு இழுத்து, கிரீனிச்சுக்கு ஆறு மணி முன்னால் என்று விட்டார்கள். 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஐந்தரைக்கு வந்தது.

ஆனால் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய ஐந்தரைதான். 2002இல் ஏ9 பாதை திறந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா போகிறவர், புலிகளின் பகுதி தொடங்கும் முகமாலை தாண்டியதும் கையிலிருக்கும் மணிக்கூட்டை அரை மணி பின்னுக்கு வைக்க வேண்டும், அது முடியும் ஓமந்தை தாண்டியதும் திரும்ப அரை மணி முன்னுக்கு. ஒரு நாட்டுக்குள், ஒரே றோட்டில், ஒரே காலையில் இரண்டு தடவை நேரம் மாறும். யாராவது ஓர் அலுவலுக்கு நேரம் சொன்னால், "புது நேரமோ, பழைய நேரமோ?" என்று கேட்காமல் விடமாட்டோம். நேரம் யாருடைய கையில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு விளங்கியது அப்போதுதான். நோர்வேக்காரர் மார்ச்சில் "ஒரு மணி நித்திரை போய்விட்டது" என்று அலுத்துக்கொள்ளும்போது எனக்கு முகமாலைதான் நினைவுக்கு வரும்.

வீட்டுக்கு எத்தனை மணிக்குக் கோல் எடுப்பது நல்லது?

எல்லாரும் கூட்டல் கழித்தலில் நிற்கிறார்கள். அது ஒரு நாளில் பழகிவிடும். அந்தப் பக்கத்தில் இருப்பவருடைய நாள் எப்படிப் போகிறது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் முக்கியம்.

அம்மாவின் நாள் இப்படி: விடிய ஐந்துக்கு எழும்புவார். முற்றம் கூட்டி, குளித்து, சாமி கும்பிட்டு, ஆறரைக்குத் தேத்தண்ணி. எட்டு மணிக்குப் பிறகு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை. பத்தரைக்கு அடுப்படி. ஒரு மணிக்குச் சோறு. இரண்டிலிருந்து மூன்றரை வரை படுப்பார், அந்த நேரம் எடுத்தால் எழும்பி ஓடிவந்து, என்னவோ ஏதோ என்று பதறித்தான் கதைப்பார். மாலை ஆறு, ஆறரைக்கு விளக்கு வைப்பார். வெள்ளிக்கிழமையென்றால் கோயில். இரவு எட்டரை தாண்டினால் எங்கள் ஒழுங்கையில் நாய் குரைக்கிற சத்தம்தான் கேட்கும். ஒன்பதுக்கு நித்திரை.

என் நாள்: ஏழரைக்கு வேலை தொடங்கி மூன்றரைக்கு முடியும். நோர்வேயில் அநேகமான வேலைகள் நாலு மணிக்குள் முடிந்துவிடும், அது ஒரு வரம். மூன்றரை என்றால் குளிர்காலத்தில் ஊரில் இரவு எட்டு. பஸ்ஸில் ஏறி வீடு வந்து சேர எட்டரை. அம்மாவுக்குக் கண் சொக்கிவிடும். கோடையில் அதே மூன்றரைக்கு அங்கே ஏழு மணி, ஆறுதலாக இரண்டு மணி நேரம் கதைக்கலாம். அந்த ஒரு மணித்தியாலம் எவ்வளவு பெரியது என்று தூர இருப்பவருக்குத்தான் தெரியும்.

ஆகவே குளிர்காலத்தில் நான் காலையில் எடுக்கிறேன். இங்கே 6 மணி, அங்கே 10:30. அம்மா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டே கதைப்பார். போனைச் சன்னலில் சாய்த்து வைத்துவிடுவார். முகம் தெரியாது, தாளிக்கிற சத்தம் கேட்கும். எனக்கு அது போதும். ஞாயிறு காலை பத்து மணி இங்கே ஆறுதலான நேரம், ஆனால் அது அங்கே 2:30, படுக்கிற நேரம். புதிதாக வந்த பிள்ளைகள் அநேகமாக இதில்தான் பிழை விடுவார்கள்.

நேரம் மாறுகிற வாரத்தில் குழம்பாமல் இருக்க என்ன செய்யலாம்?

போனில் நினைவூட்டல் வைக்கும்போது அதன் நேர வலயத்தைக் கொழும்பு என்று தெரிவுசெய்யுங்கள். அப்படிச் செய்தால் இங்கே மாறினாலும் அம்மாவின் பத்தரை பத்தரையாகவே நிற்கும். நான் வந்த முதல் வருடம் இது தெரியாது. ஒக்டோபர் கடைசி ஞாயிறு நான் வழமையான நேரத்துக்கு எடுத்தேன், அம்மா ஒரு மணித்தியாலம் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். கோபிக்கவில்லை. "பனியிலை எங்கையோ விழுந்திட்டியோ எண்டு யோசிச்சன்" என்றார். அன்றைக்கே மாற்றி வைத்துவிட்டேன்.

பிறந்தநாள் வாழ்த்து, புதுவருட வாழ்த்து எப்போது சொல்வது?

ஊரில் நள்ளிரவு 12 ஆகும்போது இங்கே முதல்நாள் இரவு, குளிர்காலத்தில் 7:30, கோடையில் 8:30. டிசம்பர் 31 இரவுச் சாப்பாட்டுக்கு இருக்கும்போது ஊர்ப் படலையடிகளில் வெடி வெடித்து முடிந்துவிடும்.

அங்கே உண்மையிலேயே சூரியன் வராதா?

நவம்பர் 27 அளவிலிருந்து ஜனவரி 15 அளவு வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. நோர்வேக்காரர் இதை 'மொர்க்கெதீட்' என்பார்கள், இருட்டுக்காலம் என்று அர்த்தம். மே 20 அளவிலிருந்து ஜூலை 22 அளவு வரை மறுபக்கம், சூரியன் அடிவானத்துக்குக் கீழே போவதேயில்லை.

யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி பத்து நிமிடம் அளவுதான். ஆறு மணிக்கு விடியும், ஆறு மணிக்குப் பொழுதுபடும் என்று வாழ்ந்த உடம்பு இது. இங்கே ஜனவரி நடுவிலிருந்து மே வரை பகல் நாளுக்குச் சராசரி பத்து நிமிடத்துக்கு மேல் நீளும். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் ஒரு மணித்தியாலம் கூடியிருக்கும்.

இருட்டுக்காலம் என்றால் கும்மிருட்டு என்று நினைக்க வேண்டாம். பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை ஒரு நீல வெளிச்சம் இருக்கும். பனியும் கடலும் மலையும் ஒரே நீலம். ஊரில் மழைக்கால விடியலில், கிணற்றடிக்குப் போகிற நேரம் இருக்குமே, அந்த வெளிச்சத்தை நாலு மணி நேரம் நிறுத்தி வைத்தது மாதிரி. பிறகு திரும்ப இருட்டு.

ஒருவரும் எனக்குச் சொல்லித்தராத, நானே கண்ட அதிசயம் ஒன்று இருக்கிறது. சூரியன் உதிக்காத அந்த மாதங்களில் பூரணை நிலவு மறைவதில்லை. பல வருடங்களில், பூரணையை ஒட்டிய நாட்களில் நிலா வானத்தைச் சுற்றிச் சுற்றி வரும், கீழே இறங்காது. சூரியன் தெற்கே தாழ்ந்திருக்கும்போது, அதற்கு எதிரே நிற்கும் முழுநிலவு வடக்கே உயர்ந்திருக்கும், அதனால்தான். கார்த்திகை விளக்கீடு அநேகமாக அப்படியொரு பூரணையில்தான் வரும். ஊரில் வாழைக்குற்றியில் விளக்கேற்றி வாசலில் வைக்கிற அதே நாட்களில், இங்கே கிறிஸ்துமஸுக்கு முந்திய நாலு வாரமும் வீட்டுக்கு வீடு சன்னலில் ஏழு கிளை விளக்கும் காகித நட்சத்திரமும் எரியும். என் விளக்கீட்டுச் சுட்டிவிளக்கையும் அதே சன்னலில் வைக்கிறேன். பக்கத்து வீட்டு மூதாட்டி அழகாக இருக்கிறது என்றார், காரணம் கேட்கவில்லை. இருட்டில் விளக்கு வைப்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லைத்தானே.

சூரியன் இல்லாமல் தைப்பொங்கலை எப்படிச் செய்வீர்கள்?

இதைத்தான் ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள். தைப்பொங்கல் ஜனவரி 14 அல்லது 15. சூரியன் திரும்ப வருகிற நாளும் ஏறக்குறைய அதுதான். முதல்முறை நாட்காட்டியைப் பார்த்தபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. ஐம்பது நாள் இருட்டுக்குப் பிறகு சூரியன் அடிவானத்தைத் தொடுவது நாங்கள் பொங்குகிற நாளிலா!

ஆனால் தொட்டாலும் தெரியாது. ட்ரொம்சோ ஒரு தீவு, சுற்றிவர மலை. தெற்கு மலையைத் தாண்டிச் சூரியன் ஊருக்குள் எட்டிப்பார்க்க ஜனவரி 21 அளவாகும்.

ஊரில் முற்றத்தில் கோலம் போட்டு, மூன்று கல் வைத்து, கிழக்குப் பார்த்துப் பானை ஏற்றுவோம். அன்று அங்கே ஆறரை அளவில் சூரியன் வரும், அது எங்கள் இரவு இரண்டு மணி. இரண்டு மணிக்கு எழும்பிப் பொங்கிப் பார்த்த வருடமும் உண்டு, திருப்தி வரவில்லை. வெளியில் வெறும் இருட்டு. பிறகு யோசித்தேன். ஜனவரி நடுவில் இங்கே சூரியன் அடிவானத்துக்கு மிகக் கிட்ட வருவது 11:50, 11:55 அளவில், நேர் தெற்கே. அந்த நேரம் மலைக்குப் பின்னால் வானம் செம்மஞ்சளாகும். இப்போது மின் அடுப்பைத் தெற்குச் சன்னலருகே வைத்து, 11 மணிக்குப் பானை ஏற்றுகிறோம். வானம் சிவக்கிற நேரம் பால் பொங்கும். பிள்ளைகள் "பொங்கலோ பொங்கல்" என்று கத்துவார்கள். ஊரில் அப்போது பின்னேரம் 4:20, அம்மா போனில் இருப்பார், எந்தப் பக்கம் பால் வழிந்தது என்று கேட்பார்.

அப்புறம் 21ஆம் திகதி இந்த ஊருக்கே பொங்கல். 'சூல்டாக்' என்பார்கள், சூரிய நாள். பாலர் பள்ளிப் பிள்ளைகளை வெளியே கூட்டிவருவார்கள். வெதுப்பகங்களில் 'சூல்பொல்லெ' என்று உள்ளே பழப்பாகு வைத்த, சீனி தூவிய வட்டப் பணியாரம் மலையாகக் குவிந்திருக்கும். வேலையிடத்தில் நாங்களும் சாப்பிடுவோம். முகில் போட்டால் சூரியன் தெரியாமலே போய்விடும், ஆனாலும் பணியாரம் உண்டு. நான் அன்றைக்கு ஒரு சட்டி சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோகிறேன். சூரியனுக்கு நன்றி சொல்லி இனிப்புச் செய்கிற நாள் உங்களுக்கும் இருக்கிறதா என்று முதல்முறை அவர்கள் கேட்டபோது எனக்குக் குரல் அடைத்துவிட்டது.

பஞ்சாங்கம், ராகுகாலம் எல்லாம் எப்படிப் பார்ப்பது?

யாழ்ப்பாணத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம் புழங்குகிறது. இரண்டும் ஊர் நேரத்துக்குக் கணித்தவை. திதி, நட்சத்திரம் முடிகிற நேரம், சித்திரைப் புத்தாண்டு பிறக்கிற நேரம் போன்றவை உலகம் முழுக்க ஒரே கணம். அவற்றுக்கு மூன்றரை அல்லது நாலரை கழித்தால் சரி. கழிக்கும்போது திகதி முதல்நாளுக்குப் போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ராகுகாலம் அப்படியல்ல. உதயத்திலிருந்து அஸ்தமனம் வரையான பகலை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கைச் சொல்வது அது. உதயமே இல்லாத ஊரில் எட்டாகப் பிரிக்க என்ன இருக்கிறது? சிலர் திங்கள் 7:30-9:00 என்று ஊர் வழக்கத்தையே இந்த மணிக்கூட்டில் வைத்துப் பார்க்கிறார்கள். நான் பார்ப்பதில்லை. இங்கே இருக்கும் முஸ்லிம் நண்பர்களுக்கும் இதே சிக்கல்தான், நோன்பு கோடையில் வந்தால் பொழுதே படாதே. அவர்களில் பலர் மக்காவின் நேரத்தைப் பின்பற்றுகிறார்கள். விரதம் இருக்கிற நாட்களில் நானும் அப்படித்தான், அம்மாவின் நேரத்தைப் பிடித்துக்கொள்கிறேன்.

நல்லூர்க் கொடியேற்றத்தை நேரலையில் பார்க்க எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும்?

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றம் காலை 10 மணிக்கு. கோடைநேரம் என்பதால் இங்கே 6:30. நல்லூரில் நேரம் என்றால் நேரம், ஒரு நிமிடம் பிந்தாது, 6:25க்கு முன் திரையைத் திறந்து வையுங்கள்.

சாப்பாட்டு நேரமும் சாப்பாடும்?

பதினொன்றரைக்கு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பாண் துண்டு, மேலே பாற்கட்டியோ மீன் விழுதோ. நாலரை, ஐந்துக்கு வீட்டில் சூடான பெரிய சாப்பாடு. ஊரில் பின்னேரத் தேத்தண்ணிக்கு வடை கடிக்கிற மாதிரியான பொழுதில் இவர்கள் இராச்சாப்பாட்டை முடித்துவிடுகிறார்கள். ஞாயிறில் பெரிய கடைகள் பூட்டு, சனிக்கே சாமான் வாங்கி வையுங்கள்.

மீன் விஷயத்தில் மட்டும் நாங்கள் ஒரே சாதி. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பாரென்ட்ஸ் கடலிலிருந்து கொட் மீன் முட்டையிட இந்தக் கரைக்கு வரும். அதை அவித்து, ஈரலோடும் சினையோடும் சாப்பிடுவதை 'மொல்யெ' என்பார்கள். மீன்சினைக்குச் சண்டை பிடித்து வளர்ந்த எனக்கு அந்தத் தட்டு புதிதாகவே இல்லை. கருவாடும் உண்டு. ஊரில் உப்புப் போட்டு வெயிலில் காயவைப்போம். இங்கே உப்பே இல்லாமல், பெப்ரவரியிலிருந்து மே வரை மரச் சட்டங்களில் சோடி சோடியாகத் தொங்கவிடுவார்கள், குளிர்காற்றே காய வைத்துவிடும். லொஃபோட்டன் தீவுகளில் இது மிக அதிகம். பாசையூர்க் கரையில் நடந்த மணம், ஆனால் கையில் உறை, காலில் பனி.

இருட்டுக்காலத்தில் மீனெண்ணெய் குடியுங்கள். வெயிலில்லாமல் விட்டமின் டி குறையும், எங்கள் தோலுக்கு இன்னும் கவனம் வேண்டும். வைத்தியரிடம் ஒருமுறை இரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிர் தாங்க முடியுமா?

முடியும். கடல் நீரோட்டத்தால் ஜனவரியிலும் சராசரி பூச்சியத்துக்குக் கீழே மூன்று நாலு பாகைதான். குளிரைவிட வழுக்கல்தான் ஆபத்து, சப்பாத்தில் மாட்டுகிற ஆணிப்பட்டி முதல் நாளே வாங்குங்கள்.

இவ்வளவு வடக்கே தமிழர் எப்படி வந்தார்கள்?

மீன் வழியாகத்தான். குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956இல் நோர்வே வந்தார், இந்த நாட்டுக்கு வந்த முதல் தமிழர் என்று அவரைத்தான் சொல்கிறோம். மீன்பிடித் தொழில் படித்தார். பிறகு 1967இல் நோர்வே உதவியோடு சீ-நோர் நிறுவனம் உருவாகி, யாழ்ப்பாணத்தில் படகும் வலையும் செய்யத் தொடங்கியது. எண்பதுகளில் போர் துரத்தியபோது வந்த பெடியள் பலர் இங்கிருந்து இன்னும் வடக்கே, ஃபின்மார்க் கரையோரக் கிராமங்களின் மீன் தொழிற்சாலைகளில் நின்று மீன் வெட்டினார்கள். உள்ளூர் இளையவர்கள் தெற்கே போய்க்கொண்டிருந்த கிராமங்கள் அவை. பின்னாளில் எங்கள் ஆட்களிலும் பெரும்பாலானோர் ஒஸ்லோவுக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்குக் கோல் எடுக்க மாதக்கணக்கில் காத்திருந்த தலைமுறை அது. நாலரை மணி வித்தியாசத்தைப் பற்றி நான் முறையிடும்போது அவர்களை நினைத்துக்கொள்வேன்.

அம்மா அப்பாவைக் கூப்பிட எந்த மாதம் நல்லது?

ஓகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர். இரவு பகல் ஒழுங்காக இருக்கும், குளிரும் பொறுக்கலாம், வானம் வெளித்தால் வடதுருவ ஒளியும் தெரியும்.

எனக்கு யோசனையில்லாமல் அம்மாவை ஜூனில் கூப்பிட்டுவிட்டேன். இருட்டுத் திரை போட்டும் அவருக்கு நித்திரை வரவில்லை. இரவு பன்னிரண்டுக்கு வெயில் அடிக்க, பெடியள் பந்தடிப்பதைச் சன்னலில் நின்று பார்த்தார். இரண்டாம் நாள், "விளக்கு எப்ப பிள்ளை வைக்கிறது? பொழுது படுகுதில்லையே" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டார். அடுத்த நாளிலிருந்து பின்னேரம் மூன்று மணிக்கு, கண் கூசுகிற வெயிலில், விளக்கு வைத்தார். ஊரில் ஆறரை. அங்கே சித்தியும் அந்நேரம் வைப்பாள் என்றார்.